நெய்க்காரியின் மூக்கும் நிலைப்பலகையும்

நலம் சூழ்க. வெண்ணாற்றின் இரு கரையும் ஆள்பவரும், நோயுற்றார்க்கு நிழலும் கற்பார்க்குக் கூரையும் தந்து நீர்மருதூர் அரண்மனையில் வீற்றிருப்பவருமான அரசி ஒளிவளைத் தேவியார் திருவாய் மலர்ந்தருளியபடி, ஓய்வுற்ற ஓலைநாயகம் பனையூர்க் கிழார், எழிற்குன்றத்து அதிபரும் தேன்வரை காவலரும் புலி எதிர்ப்பட்டாலும் நலம் விசாரித்த பின்னரே வில்லெடுக்கும் பெருங்குணத்தருமான மாந்தைவேள் அவர்கள் சமூகத்துக்கு எழுதி விடுத்த ஓலை. தங்கள் மலையில் மழை தவறாது பொழிக. தினை சாயாது விளைக. தங்கள் முழங்கால் வலி, தூதர் வந்து நடித்துக் காட்டிய அளவில் பாதியாகவேனும் குறைக.

தங்கள் ஓலை கிடைத்தது. எழிற்குன்றத்தில் புதிதாக மருத்துவச் சாலை ஒன்று காண்பதாகவும், அதில் கற்பிக்கும் ஆசிரியர்களில் எவருக்கு, எந்த அளவுகோல் கொண்டு, ஆயுள் உள்ளளவும் அசைக்க முடியாத நிலைப்பலகை வழங்குவது என்பது விளங்கவில்லை என்றும், எங்கள் சாலையின் விதியோலையைப் படியெடுத்து அனுப்பினால் போதும் என்றும் கேட்டிருந்தீர்கள். தேவியார் அதைப் படித்துவிட்டு, "விதியை மட்டும் அனுப்பினால் வேள் அதைப் பேழையில் வைத்துப் பூட்டிவிடுவார், சென்ற ஆண்டு நடந்ததை எழுதி அனுப்பினால் உட்கார்ந்து படிப்பார்" என்று அருளினார்கள். எழுதும் பணி கிழாரிடம் வந்தது. ஓய்வு பெற்ற மூன்றாண்டாக மாதுளைத் தோட்டத்து அணில்களோடு எல்லைப் பேச்சு நடத்துவதைத் தவிர வேறு அரசியல் ஏதும் அறியாதிருந்த அந்தக் கிழவர், எழுத்தாணியைக் கண்டதும் பத்து வயது குறைந்துபோனார். ஆகவே ஓலை சற்று நீளும், பொறுத்தருள்க.

எங்கள் சாலையில் ஆசிரியர் இரு வகையர். பாயில் அமர்ந்து கற்பிப்பவர், பலகையில் அமர்ந்து கற்பிப்பவர். பாயாசிரியர் மாலை மணி அடித்ததும் தம் பாயைத் தாமே சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போக வேண்டும். பலகையாசிரியரின் பலா மரப் பலகை அவர் போன பின்னும் அங்கேயே கிடக்கும். அதை அரசரே வந்தாலும் நகர்த்தக் கூடாது. பாயில் அமர்ந்து பன்னிரண்டு ஆண்டு கழிவதற்குள் பலகை வாய்க்க வேண்டும். வாய்க்காவிட்டால் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே போக வேண்டியதுதான். இந்நாட்டில் வேறு எந்தச் சாலையும் அவருக்குக் கதவு திறவாது.

பலகைக்கு உரியவர் யார் என்பதை ஐவர் அவை தீர்மானிக்கும். நால்வர் மருத்துவர், ஒருவர் மருத்துவம் துளியும் அறியாதவராக இருத்தல் வேண்டும் என்பது விதி. சென்ற ஆண்டு அந்த ஐந்தாம் இடத்துக்கு நாடெங்கும் ஆள் தேடி, கிழாரைவிட அறியாதவர் எவரும் அகப்படாமையால் அவரையே அமர்த்தினார்கள்.

அவை முதலில் மாணவர்களைக் கேட்கும்: இவர் சொன்னது புரிந்ததா? அடுத்து நோயாளர் கூடத்தைப் பார்க்கும். பிறகு அவர் எழுதிய ஏடுகளைப் புரட்டும். இறுதியாகப் பிழையோலை. சாலையைக் கண்ட முதற்பெருமருத்துவர் வகுத்த வழக்கம் அது. பலகை வேண்டுவோர் தாம் செய்த மருத்துவப் பிழை ஒன்றை, யாருக்குச் செய்தோம், எப்படி அறிந்தோம் என்பது உட்படத் தம் கையால் எழுதித் தர வேண்டும். பிழையோலை இல்லையேல் பலகை இல்லை.

இனி வெண்ணாகரிடம் வருவோம். பதினோராண்டும் பத்துத் திங்களும் பாயில் அமர்ந்திருந்த ஆசிரியர். நெடிய மனிதர், நேர்வகிடு, உடுத்த வேட்டியில் ஒரு மடிப்புக்கூடத் தன்னிச்சையாக விழாது. அவர் நாடி பற்றிப் பாடம் சொன்னால் அவ்வளவு தெளிவு. உத்தரத்துக் காக்கைகள் ஒன்றன் காலை ஒன்று பிடித்துப் பார்த்ததைக் கிழார் தம் கண்ணால் கண்டார். அவர் எழுதிய ஏடுகளைச் சுமந்து வந்த எருது இரண்டு நாள் படுத்தே கிடந்தது. மூன்று சோதனையிலும் முதலிடம். எஞ்சியது பிழையோலை.

அங்கேதான் அவர் இடறினார். எழுத்தாணியோடு ஒன்பது நாள் உட்கார்ந்தார். ஒரு பிழையும் நினைவுக்கு வரவில்லை. வந்தவர் எல்லாரும் குணமாகித்தானே போனார்கள்? கைகூப்பி, கண்கலங்கி, வாழைத்தாரும் நெய்ச்செம்பும் கொண்டுவந்து வைத்துத்தானே விடைபெற்றார்கள்? பிழையே செய்யாத மருத்துவன் பிழை இல்லாத காரணத்தால் தெருவில் நிற்பதா என்று அவருக்குச் சினம்கூட மூண்டது. பத்தாம் நாள் ஒரு பிழையைப் புனைந்தார்.

புனைவதிலும் அவர் கெட்டிக்காரர். புன்னைத்துறை இடைச்சேரியைச் சேர்ந்த நெய்க்காரி பூவந்தி என்பவள் மூன்றாண்டுக்கு முன் மூக்கடைப்பும் தலைப்பாரமுமாகச் சாலைக்கு வந்தாள். வெண்ணாகர் கொடிவேலி வேர் சேர்த்த தைலத்தை மூன்று நாள் மூக்கில் விட்டார். அடைப்பு விலகியது, அவளும் மகிழ்ந்து ஊர் போனாள். இவ்வளவும் மெய். இதன் மேல் அவர் கட்டியது: வேரின் அளவு சற்றே கூடிப்போனதால் அவளுக்கு மூன்று நாள் மணம் தெரியாமல் போயிற்று, தாம் அதை உடனே கண்டு, பால் கலந்த மாற்றுத்தைலம் விட்டு மீட்டுக்கொடுத்தோம். பிழையும் ஆயிற்று, பிழை பெரிதும் அன்று, திருத்தியும் ஆயிற்று. புன்னைத்துறையோ ஆறு நாள் தொலைவு. யார் போய்க் கேட்கப் போகிறார்கள்?

அவை பிழையோலையைப் படித்துத் தலையசைத்தது. சாலைத்தலைவர் நம்பிமாறனார் பலகைக்கு மரம் அறுக்கச் சொல்ல வாயெடுத்தார். அப்போது கிழார், விதியோலையின் கடைசி அடியில் 'அவையத்தார் ஒருவர் நோயுற்றவரை நேரில் கண்டு வினவுக. ஓலை எழுதியவரும் உடன் செல்க' என்று இருக்கிறதே, அது என்ன என்று அறியாப்பிள்ளை போலக் கேட்டார். அந்த அடியை நாற்பது ஆண்டாக ஒருவரும் படிப்பதில்லை என்று நம்பிமாறனார் பெருந்தன்மையோடு விளக்கினார். கிழார் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டார். ஓய்வு பெற்றவனுக்கு ஆறு நாள் படகுப் பயணம் கிடைப்பது என்ன சாதாரணமா, வேளே!

வெண்ணாகர் முகம் சுண்ணாம்பாயிற்று. கிழார் அதைப் பயணக் களைப்பு என்று எண்ணினார். பயணம் இன்னும் தொடங்கவில்லை என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

ஆற்றுவழியில் ஊருக்கு ஒரு கோயில். ஒவ்வொரு கோயிலிலும் வெண்ணாகர் இறங்கினார், கண்மூடி நின்றார், பிறகு பளார் பளார் என்று இரு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். இத்தனை பக்தியைக் கிழார் எழுபது ஆண்டில் கண்டதில்லை. மூன்றாம் நாள் அவர் கன்னம் செம்பருத்தி நிறம். உள்ளே நடந்தது என்னவென்று பின்னர் அவரே சொல்லக் கேட்டது: பூவந்தி நலமாக இருந்தால் பொய் வெளிப்படும், பன்னிரண்டு ஆண்டு மண்ணாகும். ஆகவே அவர் மனம் அவரைக் கேளாமலே, 'சாமி, அவளுக்கு மூக்கு கொஞ்சம் கெட்டிருக்கட்டுமே, ஒருநாள் கெட்டிருந்தால்கூடப் போதுமே' என்று வேண்டிவிடும். உடனே தாம் வேண்டியது இன்னதென்று உறைக்கும். அந்த அறை அதற்காக. தம் நோயாளி நோயோடு இருக்க வேண்டும் என்று கோயில் கோயிலாக இறைஞ்சிப் போன மருத்துவர் உலகில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

புன்னைத்துறையில் இறங்கினார்கள். பூவந்தி ஐம்பது வயதுக்காரி. மத்துக் கடைந்து கடைந்து தோள் இரண்டும் மல்லர் தோள். இவ்விடத்திலிருந்து அவள் வாய்ச்சொல்லை மாற்றாமல் எழுதுக, ஓலைத்தமிழாக்கிக் கெடுக்காதே என்பது தேவியாரின் கட்டளை. அப்படியே எழுதுகிறது.

"அட, நம்ம வைத்தியரு! வாங்க வாங்க! என் மூக்கப் பாருங்க, பளிங்காட்டம் இருக்கு. இந்தப் பக்கம் இழுத்தா அந்தப் பக்கம் காத்து வருது. ஒங்க பேரச் சொல்லாம நான் ஒரு மோரு கடையறதில்ல. யாரு இந்தப் பெரியவரு, ஒங்க அப்பாவா?"

கிழார் தாம் யாரென்று விருதுப்பெயர்களோடு அறிவித்தார். அவள் பாதியிலேயே உள்ளே போய் இலை அறுத்து வந்துவிட்டாள். சோறு விழும்போது கிழார் கேட்டார்: தைலம் விட்டபோது உனக்கு மூன்று நாள் மணம் தெரியாமல் போனதாகவும், மாற்றுத்தைலம் விட்டு மீட்டதாகவும் வைத்தியர் எழுதியிருக்கிறாரே, உண்மைதானா?

அவள் கை அகப்பையோடு அப்படியே நின்றது. வைத்தியரை ஒருமுறை பார்த்தாள்.

"இல்லியே" என்றாள்.

வெண்ணாகர் தலை குனிந்தார். அந்த ஒரு சொல்லில் பலகை போயிற்று. ஆனால் நெஞ்சின் ஒரு மூலையில், அவள் நலமாகத்தான் இருக்கிறாள் என்று ஒரு சிறு குளிர்ச்சி இறங்கியதாம். அந்தக் குளிர்ச்சி இலையில் நெய் விழும் வரைதான்.

"இது நல்ல நெய்யி, விருந்தாளிக்குன்னே எடுத்து வச்சது" என்று சொல்லி அவள் இருவர் இலையிலும் தாராளமாக ஊற்றினாள். ஐயா வேளே, கிழார் இருபத்தெட்டு ஆண்டு எத்தனையோ நாட்டு விருந்துகளில் எதையெல்லாமோ விழுங்கிப் புன்னகைத்தவர். அந்த நெய்யின் காறல் நாற்றத்தில் இரண்டு தெரு தள்ளிப் படுத்திருந்த நாய் எழுந்து ஊர் எல்லைக்குப் போயிற்று. ஆற்றில் மீன் திசை மாறியது. கிழார் விழுங்கினார், கண்ணில் நீர் வந்தது, ஆகா என்றார். அவளோ இருவர் முகத்தையும் மாறி மாறி ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்பிடி இருக்கு? நல்லாருக்கா?"

வெண்ணாகர் உண்ணவில்லை. இலையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். எழுந்து கை கழுவி, தம் மருந்துப் பையைத் திறந்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி ஒன்றை அவள் மூக்கருகே நீட்டினார். பெருங்காயம்.

"மல்லிப்பூ" என்றாள், மிகுந்த தைரியத்தோடு.

அடுத்தது கருப்பூரம். "அதுவும்... மல்லிதான். வேற ஊரு மல்லி."

மூன்றாவதை அவர் நீட்டவில்லை. பூவந்தி கண்ணைத் திறந்தாள்.

"வைத்தியம் முடிஞ்சு வந்த மறுவாரமே போயிருச்சு" என்றாள். "மூக்கடைப்பு போச்சுன்னு ஊரெல்லாம் தண்டோரா போட்டாச்சு. வாசனையும் சேர்ந்து போச்சுன்னு எந்த வாயால சொல்றது? நெய்க்காரிக்கு மூக்கில்லன்னா அவ நெய்ய எவ வாங்குவா? உருக்கையில எறக்கற பதத்த மூக்குதான சொல்லும். எம்மக பக்கத்துல நின்னு இப்ப எறக்கு, இப்ப எறக்குன்னு சொல்லுவா. போன மாசம் அவளக் கட்டிக்குடுத்தாச்சு. இப்ப ஒருநாளு கருகுது, ஒருநாளு பச்சையா நிக்குது. இதாவது நல்ல நெய்யின்னு நெனச்சேன். இதுவும் போச்சா?"

கிழார் ஆம் என்று மெல்லத் தலையசைத்தார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெண்ணாகரை நோக்கினாள். "அது இருக்கட்டும். எம்மகளத் தவிர ஒரு சீவனுக்கும் நான் சொல்லலியே. ஒங்க ஓலையில எப்பிடி ஏறுச்சு?"

கிழாரும் அதைத்தான் வியந்துகொண்டிருந்தார். ஆறு நாள் தொலைவிலிருந்தபடியே ஒருத்தியின் மூக்குக்குள் நடப்பதை அறிந்த மகாமருத்துவர் இவர் என்று தேவியாருக்கு எழுத வேண்டிய வாசகம்கூட மனத்தில் உருண்டு திரண்டுவிட்டது. வெண்ணாகருக்கு அது தெரிந்தது. அவர் வாய் திறக்கவே வேண்டாம். சும்மா இருந்தால் போதும். சொன்ன பொய் தானாகவே மெய்யாகி நிற்கிறது. பலகை ஒரு மௌனத் தொலைவில் கிடக்கிறது.

"எனக்குத் தெரியாது பூவந்தி" என்றார். "பிழை ஒன்றும் செய்யவில்லை என்று நினைத்தேன். பலகைக்காக ஒன்றைப் புனைந்தேன்."

"பொய்யக்கூட எம்மூக்கு மேலதான் கட்டணுமா? ஊர்ல வேற மூக்கு இல்லியா?" என்று அவள் எரிந்து விழுந்தாள். பிறகு சட்டென்று குரல் தணிந்தது. "மாத்துத்தைலம் விட்டு மூணு நாள்ல சரிபண்ணிட்டோம்னு எழுதியிருக்காமே. அந்தத் தைலமாவது நெசமா?"

"அதுவும் பொய்தான்" என்றார் வெண்ணாகர்.

பூவந்தி எழுந்தாள். நெய்ச்சட்டியை எடுத்துப் போய்க் கொல்லையில் கவிழ்த்தாள். திரும்பி வந்து, "பெரியவரு உள்ள படுத்துக்கட்டும். வைத்தியரு தொழுவத்துல" என்றாள். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளும் அவர் சாணம் அள்ளினார். வேட்டி மடிப்பைப் பற்றிக் கிழார் ஒன்றும் எழுதப் போவதில்லை.

மூன்றாம் நாள் அவள் வந்து தொழுவத்து வாசலில் நின்று, "சரி, என்ன பண்ணப் போறீரு?" என்று கேட்டாள். வெண்ணாகர் தாம் அறியாததை அறியேன் என்று சொன்னது அதுவே முதல்முறை. காலையும் மாலையும் எலுமிச்சைத் தோல், கிராம்பு, சாம்பிராணிப் புகை, மல்லிகை என நான்கையும் அவள் மூக்கருகே காட்டி, இது இன்னது என்று பெயர் சொல்லி நினைக்கச் செய்வது. வருமா வராதா தெரியாது. அவையின் முடிவு தெரியும் வரை அங்கேயே இருப்பது, பிறகும் விடாது வந்து காட்டுவது. கிழாரை மட்டும் மெய்யான பிழையோலையோடு தலைநகருக்கு அனுப்பிவைத்தார். அதில் 'திருத்தினேன்' என்ற சொல் எங்கும் இல்லை.

அவை கூடிற்று. நம்பிமாறனார் சினந்தார்: பொய்யுரைத்தவனுக்குப் பலகையா, இன்றே பாயைச் சுருட்டுக. மற்றொருவர், பொய் மெய்யாகிவிட்ட பின்னும் ஒப்புக்கொண்டவன் ஆயிற்றே என்றார். கிழாருக்கு அந்த வழக்கைவிட வேறொன்றை அறியும் அரிப்பு. ஓலைக்கூடத்துக்குப் போய், நாற்பது ஆண்டில் வந்த பிழையோலைகள் அறுபத்துமூன்றையும் தூசு தட்டி எடுத்துவந்து அவை நடுவே படித்தார். என்ன அதிசயம் சொல்லுங்கள்! அறுபத்துமூன்றிலும் பிழை மூன்று நாளில் திருந்தியிருந்தது. ஒருவர் கூடச் சாகவில்லை, ஒருவர் கூட முடமாகவில்லை. பிழை செய்தவரே அதைக் கண்டு, அவரே தீர்த்து, இறுதி வரியில் தம் விழிப்பைத் தாமே மெச்சியும் இருந்தார். ஒரு பெருமகனார் தாம் அளவுக்கு மீறி இரக்கம் காட்டியதையே பிழை என்று எழுதிப் பலகை வாங்கியிருந்தார். ஓலையின் கீழே பெயர் இருந்தது: நம்பிமாறன். அவையத்தார் நால்வரும் கூரையின் உத்தரங்களை எண்ணத் தொடங்கினர்.

வழக்கு தேவியார் திருமுன் சென்றது. தேவியார் நெடுநேரம் கேட்டிருந்து, வெண்ணாகருக்கு இப்போது பலகை இல்லை என்றும், ஆயினும் அவர் பாய் சுருட்டப்பட வேண்டாம் என்றும், அந்தத் தைலம் பெற்ற ஒவ்வொருவரையும் அவர் நேரில் சென்று கண்டு வர வேண்டும் என்றும், கண்டு முடியும் வரை அவருக்குப் பன்னிரண்டாம் ஆண்டு முடியாது என்றும் அருளினார்கள். நாட்காட்டியையே நிறுத்திவைத்த முதல் அரசி எங்கள் அரசிதான்.

ஓராண்டும் நான்கு திங்களும் ஆயிற்று. வெண்ணாகர் நாற்பத்தொருவரைத் தேடிக் கண்டார். ஒன்பது பேருக்கு மணம் போயிருந்தது. ஒருவரும் வந்து சொல்லவில்லை. அவர்களுக்கும் வெட்கம், வயதாகிவிட்டது போலும் என்ற நினைப்பு, வைத்தியர் மனம் நோகுமே என்ற கரிசனம். கருவாட்டுத்துறைக்காரர் ஒருவர் மட்டும், மனைவி உட்பட எவருக்கும் சொல்ல வேண்டாம், இப்போதுதான் நிம்மதியாக உண்கிறேன், எந்த மருந்தும் வேண்டாம் என்று வைத்தியர் காலில் விழுந்தாராம். கொடிவேலி வேர் அந்தத் தைலத்திலிருந்து நீக்கப்பட்டது. அது நீக்கப்பட்ட காரணத்தை வெண்ணாகர் ஒவ்வொரு புதிய வகுப்பிலும் முதல் நாளே சொல்கிறார். காக்கைகளும் வாயடைத்துக் கேட்கின்றன.

இன்று காலை அவை அரண்மனையில் தேவியார் திருமுன் மீண்டும் கூடிற்று. பூவந்தி வரவழைக்கப்பட்டாள். இந்த மருத்துவருக்குப் பலகை தரலாமா என்று தேவியாரே கேட்டார்கள். அவள் விடை:

"குடுங்க தாயி. எலுமிச்சையும் புகையும் தெரியுது இப்ப. மல்லி இன்னும் வரல, அதுக்கும் விடாம வந்து உக்காந்துக்கறாரு மனுசன். ஆனா பலகைக்குப் பக்கத்துல ஒரு பாயும் போட்டு வைங்க. நாங்க திரும்பி வந்து, இன்னும் சரியாகலன்னு சொல்லணும்னா, உக்கார எடம் வேணும்ல?"

தேவியார் அவ்வண்ணமே வெண்ணாகருக்குப் பலகையும், அதனருகே ஒரு பாயும் அருளினார்கள். ஆகவே, வேளே, தாங்கள் கேட்ட அளவுகோல் இது. தங்கள் சாலையில் பலகை வேண்டுபவர் எத்துணை ஏடு எழுதியிருப்பினும், எத்துணை நாவன்மை உடையவராயினும், மூன்றாண்டுக்கு முன் தாம் நோய் தீர்த்து அனுப்பியவர்களைத் தேடிச் சென்று நலம் கேட்டு வருக. மருத்துவர் சொல்லை மருத்துவரும், நோயுற்றார் சொல்லை நோயுற்றார் சொன்னவாறே பிறர் ஒருவரும் எழுதுக. பிழை ஏதும் கண்டிலேன் என்று வருபவரை இகழாது, இன்னொரு முறை போய்க் கேட்குமாறு திருப்பி அனுப்புக. பலகை தோறும் அருகே ஒரு பாய் விரித்திருக்க. அதை எவரும் சுருட்டற்க. இவ்வாறு செய்க என்பது தேவியாரின் ஆணை. செய்யும்போது அருகிருந்து வேடிக்கை பார்க்க ஒரு கிழவர் வேண்டுமாயின் தங்கள் நாட்டுப் படகு எந்நாளில் வரினும் அவர் செருப்போடு ஆயத்தமாக உள்ளார்.

வெண்சிறகு அன்னப் பறவை இலச்சினை பொறித்து அரக்கிட்டு விடுத்தது. அரக்கு ஓரத்தில் கருகியிருப்பதைத் தாங்கள் காண்பீர்கள். அது அவமதிப்பு அன்று. பக்கத்துக் கூடத்தில் முத்திரைக்காரர் அதை உருக்கிக்கொண்டு கதை கேட்டு மெய்ம்மறந்துவிட்டார். அரண்மனையில் இருந்த இருநூறு மூக்கில் ஒன்றுக்கும் தெரியவில்லை. பூவந்திதான் பேச்சை நிறுத்தி, முகத்தைச் சுளித்து, "யாரோ பதம் தப்பவிட்டுட்டாங்க, எறக்குங்க, எறக்குங்க!" என்றாள். அப்போதுதான் பலகையில் அமர்ந்த வெண்ணாகர், அமர்ந்த சூடு ஏறும் முன்னே எழுந்து அரக்குச் சட்டியை நோக்கி ஓடினார். சட்டியை இறக்கிவிட்டு அங்கேயே தரையில் அமர்ந்து அழுதுகொண்டிருக்கிறார். பலகை காலியாகக் கிடக்கிறது. விதிப்படி அதை எவரும் நகர்த்தவில்லை.